வாகைகுளத்தில் தள்ளி நின்று விமானச் சக்கரத்தை வேடிக்கை பார்த்தார்கள்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 பாளையங்கால்வாய்

போன வாரம் சென்னை போவதற்காகத் தூத்துக்குடி வாகைகுளம் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். ராத்திரி தாம்பரத்தில் பெரியம்மா பேரனுக்குக் கல்யாண வரவேற்பு. கையில் இரண்டு கிலோ அல்வா. நாங்கள் ஏற வேண்டிய விமானம் சரியான நேரத்துக்கு வந்து இறங்கிவிட்டது. இரண்டு இறக்கையிலும் காத்தாடி வைத்திருக்குமே, அந்த ஏ.டி.ஆர். ரகம். வந்தவர்கள் எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள். அதற்கப்புறம்தான் கூத்து.

கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். இடது பக்கச் சக்கரத்துக்கு முன்னால், நம்ம வீட்டு முற்றம் நீளம் தள்ளி, மூன்று பேர் நிற்கிறார்கள். பச்சைச் சட்டை போட்ட ஒருவர் கையில் துப்பாக்கி மாதிரி ஒரு சாமான். கொரோனா நேரத்தில் நெற்றியில் காட்டினார்களே, அதே ஜாதி. அவ்வப்போது நாலு எட்டு முன்னால் போய்ச் சக்கரத்துக்கு நேரே காட்டுகிறார், சீட்டில் ஏதோ குறிக்கிறார், பழைய இடத்துக்கே வந்து நின்றுகொள்கிறார். தூரத்தில் தீயணைப்பு வண்டி ஒன்று சும்மா நிற்கிறது. முக்கால் மணி நேரம் இதுதான் நடந்தது. ஒருத்தராவது குனிந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டுமே? ம்ஹூம்.

அதற்குப் பிறகு ஒருவர் கிட்டப் போனார், டார்ச் அடித்தார், விமானி இறங்கி வந்தார், பேசினார்கள், எழுதினார்கள். அதற்கு ஒரு அரை மணி, முக்கால் மணி. ஏறி உட்கார்ந்ததும் விமானி மைக்கில், “பிரேக் சூடு பற்றி ஒரு சின்ன சந்தேகம், ஆறவிட்டுச் சோதித்தாயிற்று” என்றார். மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது கடைசிப் பந்தியின் இலையை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

சின்ன சந்தேகம் என்றால் உடனே பார்த்து முடிக்க வேண்டியதுதானே? தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பதற்குச் சம்பளமா?

#2 முக்கூடல்காரன்

எந்தக் கம்பெனி என்று பெயரைச் சொல்லும் வே. தேய்ஞ்ச பிரேக்கை மாத்தாமல் ஓட்டுகிறார்கள். எல்லாம் காசு மிச்சம் பிடிக்கிற வேலை.

#3 மட்டுறுத்துநர்

கம்பெனி பெயர், ஊழியர் பெயர், போட்டோ எதுவும் இங்கே வேண்டாம். விஷயத்தை மட்டும் பேசுங்கள்.

#4 ஸ்பேனர்_சேரன்மகாதேவி

விமானப் பராமரிப்பில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். சொந்த ஊர் சேரன்மகாதேவி, இப்போது வளைகுடாவில் ராத்திரி ஷிப்ட். உங்கள் விமானத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன், அந்த மூன்று பேரும் வேலைதான் பார்த்தார்கள். சரியாகவே பார்த்திருக்கிறார்கள்.

விமானத்தின் பிரேக் சக்கரத்தின் ரிம்முக்கு உள்ளேயே இருக்கிறது. சக்கரத்தோடு சுற்றுகிற தட்டு ஒன்று, சுற்றாமல் நிற்கிற தட்டு ஒன்று, மறுபடி சுற்றுவது, மறுபடி நிற்பது என்று அப்பளக் கட்டு மாதிரி அடுக்கியிருக்கும். பெடலை மிதித்தால் ஹைட்ராலிக் அழுத்தத்தில் பிஸ்டன்கள் அந்தக் கட்டை இறுக்கும். உரசலில் பிறக்கிற சூடெல்லாம் முதலில் தட்டுகளுக்குள் தங்கிவிடுகிறது. ஓடும்போது காற்று படும். நின்றுவிட்டால் அதுவும் இல்லை. உள்ளே இருக்கிற சூடு மெதுவாக ரிம்முக்கும் டயருக்கும் ஏறும். அடுப்பை அணைத்த பிறகும் கொப்பரைக்குள் இட்லி வெந்துகொண்டே இருக்கும் இல்லையா, அந்தக் கணக்குதான். அதனால் விமானம் நின்ற உடனே பார்க்கிற சூடு உண்மையான சூடு அல்ல. பத்து, பதினைந்து நிமிடம் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். அவர் திரும்பத் திரும்பக் காட்டிக் குறித்துக்கொண்டது ஏன் என்று இப்போது புரிகிறதா? எவ்வளவு சூடு என்பதோடு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிய வேண்டும்.

கிட்டப் போகாததற்குக் காரணம் டயர். பெரிய ஜெட் விமானங்களின் டயரில் 200 பி.எஸ்.ஐ. பக்கம் அழுத்தம் இருக்கும். நம்ம காருக்கு 30, 35. ரிம் அளவுக்கு மீறிச் சூடானால் டயர் வெடிக்கக் கூடாது என்பதற்காக ரிம்மில் சின்னச் சின்ன அடைப்பான்கள் வைத்திருக்கிறார்கள். நடுவில் எளிதில் உருகுகிற உலோகம். குறிப்பிட்ட சூடு வந்தால் அது உருகி, உள்ளே இருக்கிற நைட்ரஜனை வெளியே விட்டுவிடும். டயர் தொய்ந்து போகும், ஆனால் வெடிக்காது. இது நல்ல ஏற்பாடு. என்றாலும் அதை நம்பிப் பக்கத்தில் போய் உட்கார முடியாது. ரிம் உடைந்தால் துண்டுகள் அச்சின் திசையில், அதாவது சக்கரத்தின் பக்கவாட்டில்தான் பாயும். ஆகவே சூடான சக்கரத்துக்கு முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோதான் போக வேண்டும். பக்கவாட்டில் போகவே கூடாது. ‘சக்கரத்துக்கு முன்னால்’ நின்றார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள்.

இன்னொன்றும் நடந்திருக்கும், கண்ணாடி வழியாக உங்களுக்குத் தெரிந்திருக்காது. சக்கரத்துக்குக் கட்டை வைத்ததும் பார்க்கிங் பிரேக்கை எடுத்துவிடச் சொல்லியிருப்பார்கள். சூடான தட்டுகள் இறுகியே இருந்தால் ஆறாது. எடுத்துவிட்டால் தட்டுகளுக்கு நடுவே இம்மி இடைவெளி கிடைக்கும், காற்று போகும்.

#5 டிப்போ அண்ணாச்சி

தம்பி சொல்வது பூராவும் நமக்குப் பழகின விஷயமாக இருக்கிறது. நான் பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் மெக்கானிக். மாஞ்சோலை, ஊத்து வண்டி மலை இறங்கி மணிமுத்தாறு வந்து நின்றால் நாலு சக்கரத்திலும் லைனிங் கருகின வாடை அடிக்கும். டிரம் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனாலே அனல் தெரியும். உள்ளங்கையைக் கொண்டுபோனால் தோல் போயிரும், அதற்குத்தான் புறங்கை.

ஒரு சந்தேகம். செங்கோட்டைப் பக்கம் லாரிக்காரர்கள் மலை இறங்கினதும் சக்கரத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். பக்கத்தில் தீயணைப்பு வண்டியே நிற்கும்போது, ஒரு பீய்ச்சு பீய்ச்சினால் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடுமே?

#6 ஸ்பேனர்_சேரன்மகாதேவி

அண்ணாச்சி, அப்படித் தண்ணீர் ஊற்றின டிரம் எத்தனை விரிசல் விட்டு உங்கள் டிப்போவுக்கு வந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

#7 டிப்போ அண்ணாச்சி

ஹா ஹா. மாட்டிக்கொண்டேன். ஒரு டிரம் தண்ணீர் பட்டதும் ‘டிங்’ என்று மணி அடித்த மாதிரி சத்தம் போட்டது. கழற்றிப் பார்த்தால் தலைமுடி மாதிரி ஒரு கோடு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும். ஊற்றின கிளீனர் பையன் அன்றைக்கு முழுக்க என் முகத்தில் முழிக்கவில்லை.

#8 ஸ்பேனர்_சேரன்மகாதேவி

அதேதான். சூடான ரிம்மில் தண்ணீரைப் பாய்ச்சினால் ஒரு பக்கம் சுருங்கும், மறுபக்கம் சுருங்காது. உள்ளே அழுத்தத்தோடு டயர் வேறு. நெருப்பே பிடித்துவிட்டால் கதை வேறு, அப்போது தீயணைப்புக்காரர்கள் அவர்கள் முறைப்படி அணைப்பார்கள். வெறும் சூடு என்றால் சும்மா ஆறவிடுவதுதான் மருந்து. சில இடங்களில் பெரிய மின்விசிறியைக் கொண்டுவந்து வைப்பார்கள், சில விமானங்களில் சக்கரத்துக்குள்ளேயே விசிறி உண்டு.

டிப்போ ஆட்களுக்கு இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். மலை இறங்கும்போது பிரேக்கை விட்டு விட்டு மிதி என்றுதானே டிரைவருக்குச் சொல்வோம்? இப்போதைய விமானங்களில் பெரும்பாலும் கார்பன் தட்டு. அது எவ்வளவு அழுத்தி மிதித்தாய் என்பதைவிட, எத்தனை தடவை மிதித்தாய் என்பதை வைத்தே தேயும். ஆகவே தொட்டுத் தொட்டு விடாமல், ஒரே தடவை அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுக்க விட்டுவிட வேண்டும். பழைய இரும்புத் தட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

#9 வடக்கன்குளம் வாத்தியார்

இயற்பியல் ஆசிரியர் என்பதால் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. 22 டன் எடையுள்ள விமானம் 110 நாட் (விமான வேகத்தை அளக்கிற அலகு) வேகத்தில் தரையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது மணிக்கு ஏறத்தாழ 204 கிலோமீட்டர். அதன் இயக்க ஆற்றல் 35 மெகாஜூல். 15 டன் பஸ் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வெறும் 2 மெகாஜூல். பதினேழு பஸ்ஸை ஒரே நேரத்தில் நிறுத்துகிற வேலை. அதில் பெரும்பகுதியைக் காத்தாடியைத் திருப்பி வைத்தும், காற்றின் எதிர்ப்பிலும் கழித்துவிடுவார்கள். 70 நாட் வேகத்துக்கு வந்த பிறகு பிரேக் மிதித்தாலும் 14 மெகாஜூல் மிச்சம் இருக்கும். அவ்வளவையும் அந்த அப்பளக் கட்டுகள் விழுங்க வேண்டும். மூக்குச் சக்கரத்தில் பிரேக் கிடையாது, ஆகவே பக்கத்துக்கு இரண்டாக நாலு சக்கரம்தான் கணக்கு.

இயக்க ஆற்றலில் வேகம் வர்க்கமாக வருகிறது, அதுதான் கவனிக்க வேண்டியது. பின்னாலிருந்து 10 நாட் காற்று தள்ளினால் தரைவேகம் 120. ஆற்றல் 19 சதவீதம் கூடிவிடும். வாகைகுளம் ஓடுபாதை கிட்டத்தட்டக் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஆடி மாதம் கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே மேல்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு இறங்கினால் பிரேக்குக்குப் பாதி வேலை மிச்சம். முதுகில் வாங்கினால் அம்மி பறக்கிறதோ இல்லையோ, பிரேக் கொதிக்கும்.

#10 முக்கூடல்காரன்

கணக்கெல்லாம் சரி வாத்தியாரே. முன்னால் அங்கே ஓடுபாதை 1350 மீட்டர்தான், அழுத்திப் பிடித்தார்கள், சூடானது. இப்போது 3115 மீட்டர் என்று விரிவாக்கம் செய்த பிறகு என்ன சாக்கு?

என் கேள்வி நேர்க்கேள்வி. முக்கால் மணியில் ஆறிவிட்டது இல்லையா, ஆறினால் கிளம்ப வேண்டியதுதானே? அதற்கப்புறம் டார்ச் அடித்து, எழுதி, இன்னொரு முக்கால் மணி எதற்கு? சின்ன விஷயம் என்றால் ஏன் நிறுத்தினார்கள், பெரிய விஷயம் என்றால் ஏன் பறந்தார்கள்?

#11 ஸ்பேனர்_சேரன்மகாதேவி

நல்ல கேள்வி. கிண்டலுக்குச் சொல்லவில்லை, எங்கள் தொழிலே அந்தக் கேள்விதான்.

ஓடுபாதை நீளம் மட்டும் போதாது. விமானி சீக்கிரம் திரும்பி வெளியேற வேண்டும் என்று அழுத்தியிருக்கலாம், டாக்ஸி போகும்போது, அதாவது தரையில் ஊர்ந்து போகும்போது, பிரேக்கைத் தொட்டுத் தொட்டுப் போயிருக்கலாம், அதெல்லாம் சாதாரணம். ஆனால் பாளையங்கால்வாய் எழுதியதில் எனக்குக் கண்ணில் பட்டது வேறு. ‘இடது பக்கச் சக்கரம்’ என்கிறார். அழுத்திப் பிடித்ததால் வந்த சூடு என்றால் நாலு சக்கரமும் ஏறத்தாழ ஒரே மாதிரி சுட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அங்கே ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. பிஸ்டன் திரும்பி வரவில்லை, பின்னுக்கு இழுக்கிற ஸ்பிரிங் போய்விட்டது, இப்படி ஏதாவது. அல்லது சூடே இல்லை, சூட்டைச் சொல்கிற சென்சார்தான் பொய் சொல்கிறது. அதற்குத்தான் விமானியறையில் விளக்கு எரிந்தாலும் வெளியே ஒருவர் துப்பாக்கியோடு நிற்கிறார்.

எங்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. சுடுகிற சக்கரத்தை மட்டும் பார்க்க மாட்டோம். சில்லென்று இருக்கிற சக்கரம் எது என்றும் பார்ப்போம். ஒரு சக்கரம் வேலையே செய்யாமல் படுத்துவிட்டால், அதன் சுமையையும் மற்றவை சுமந்து சூடாகியிருக்கும். பாவம், உழைத்தவன் மேல் பழி விழும்.

#12 டிப்போ அண்ணாச்சி

ஏ சாமி, இது நூற்றுக்கு நூறு. “வண்டி வலது பக்கம் இழுக்கிறது” என்று டிரைவர் புகார் கொடுப்பார். புதுப்பையன் வலது பக்கத்து டிரம்மைக் கழற்றுவான். கோளாறு இடது பக்கத்தில் இருக்கும். இடது பிடிக்காததால்தான் வண்டி வலதுக்கு இழுக்கும். இதைச் சொல்லிக் கொடுத்தே என் பாதி ஆயுசு போச்சு.

#13 ஸ்பேனர்_சேரன்மகாதேவி

முக்கூடல் அண்ணாச்சியின் மிச்சக் கேள்விக்கு வருகிறேன். ஆறவேண்டியது ஏன் என்பதற்கு இரண்டு காரணம்.

முதலாவது, அடுத்து எழும்பும்போது பாதி ஓட்டத்தில் ஏதாவது கோளாறு வந்து விமானி நிறுத்த முடிவு செய்தால், முழு எடையோடு, முழு வேகத்திலிருந்து பிரேக் பிடிக்க வேண்டும். இறங்குவதைவிட அது கடுமை. ஏற்கெனவே பாதிச் சூட்டில் இருக்கிற பிரேக்குக்கு அந்தச் சூட்டை வாங்க இடம் இருக்காது. ஏர்பஸ் 320 வகையில் 300 டிகிரிக்கு மேல் எச்சரிக்கை வரும், அது கீழே இறங்காமல் எழும்பக் கூடாது என்பது விதி. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு அளவு உண்டு.

இரண்டாவது, எழும்பினதும் சக்கரங்கள் உள்ளே மடங்கிக் கதவு மூடிவிடும். அங்கே சூட்டோடு பக்கத்திலேயே ஹைட்ராலிக் குழாய், வயர் எல்லாம் போகின்றன. 1963 செப்டம்பர் 4 அன்று சூரிச்சில் ஸ்விஸ்ஏர் கம்பெனியின் காராவெல் ரக விமானம் ஒன்று, பனிமூட்டம் எவ்வளவு கலைகிறது என்று பார்க்க எஞ்சின் வேகத்தைக் கூட்டிவைத்து, பிரேக்கையும் பிடித்துக்கொண்டே ஓடுபாதையில் போய்த் திரும்பியது. பிரேக் கொதித்தது யாருக்கும் தெரியவில்லை. கிளம்பின சில நிமிடங்களில் தீ, 80 பேரும் போய்விட்டார்கள். 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோவில் ஒரு போயிங் 727. ஒரு பிரேக் பிடித்துக்கொண்டே இருந்து சூடாகியிருக்கிறது. டயரில் நைட்ரஜனுக்குப் பதில் சாதாரணக் காற்றை அடைத்திருந்தார்கள். மேலே போன பிறகு டயர் வெடித்து, 167 பேர். இரண்டிலும் ஆரம்பம் பிரேக் சூடுதான். தரையில் நிற்கும்போது யாராவது கவனித்திருந்தால் முக்கால் மணி தாமதத்தோடு முடிந்திருக்கும்.

அந்த இரண்டாவது முக்கால் மணிக்கு வருகிறேன். ஆறின பிறகுதான் கிட்டப் போய்ப் பார்க்கவே முடியும். அடைப்பான் ஏதாவது உருகியிருக்கிறதா, டயரில் கொப்புளம் இருக்கிறதா, எண்ணெய் கசிந்த தடம் உண்டா, தட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தேய்மானத்துக்கு ஒரு சின்னக் கம்பி வைத்திருக்கிறார்கள். பிரேக்கை மிதித்துப் பிடித்த நிலையில் அந்தக் கம்பி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விளிம்போடு விளிம்பாகிவிட்டால் தட்டுக் கட்டை மாற்ற வேண்டியதுதான். சந்தேகம் தீராவிட்டால் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். எல்லாம் முடிந்து லைசென்ஸ் உள்ள பொறியாளர் லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாமல் விமானி வண்டியை எடுக்க மாட்டார். ஆகவே ‘சின்ன விஷயம்’ என்பது ஆரம்பத்தில் தெரியாது அண்ணாச்சி. பார்த்து முடித்த பிறகுதான் அந்தப் பெயர் வைக்க முடியும்.

#14 கத்துக்குட்டி_பைலட்

இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை. நான் நாங்குநேரி பக்கம். வெளியூரில் விமானம் ஓட்டப் படிக்கிறேன், செஸ்னா 172 என்கிற சின்ன விமானம். என் கதை அசிங்கமான கதை.

போன மாசம் தனியாக ஒரு சுற்று போய் இறங்கினேன். எங்கள் விமானத்தில் பிரேக் இரண்டு பெடலின் மேல்பகுதியில் இருக்கும், கால்விரலால் மிதிக்க வேண்டும், இடதுக்கு இடது சக்கரம், வலதுக்கு வலது. இடது பெடல் ஈரப் பஞ்சை மிதித்த மாதிரி உள்ளே போனது. விட்டு இரண்டு மூன்று தடவை அடித்தேன், கெட்டியாகிவிட்டது. டாக்ஸி பண்ணி வந்து நிறுத்திவிட்டேன்.

இப்போது பாருங்கள் என் மனசு எப்படி ஓடியது என்று. அடுத்துப் பறக்க வேண்டியவன் என் ரூம்காரன். ஒரு வாரமாக மழையில் அவன் பறந்த மணிக்கணக்கு ஏறவில்லை. நான் எழுதினால் விமானத்தைப் பழுது பார்க்கிற கொட்டகைக்கு (ஹேங்கர்) தள்ளிவிடுவார்கள். அடித்ததும் கெட்டியாகிவிட்டதே, எனக்குத்தான் சரியாக மிதிக்கத் தெரியவில்லையோ என்று ஒரு யோசனை வேறு. பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தேன்.

அதற்குள் பழைய மெக்கானிக் ஒருவர் வழக்கம்போலச் சுற்றி வந்தார். இடது சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்தார். பாக்கெட்டிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்துப் பிரேக்குக்கு அடியில் வைத்தார். “போய் பெடலை மிதி” என்றார். மிதித்தேன். டிக்கெட்டில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது, குங்குமப் பொட்டு அளவு. அவர் என்னைப் பார்க்கவில்லை, டிக்கெட்டைத்தான் பார்த்தார். “எப்போதிலிருந்து?” என்று மட்டும் கேட்டார்.

பிரேக் தட்டை இறுக்குகிற காலிப்பருக்குள் ஒரு ரப்பர் வளையம் போயிருந்தது. மாற்றி, கீழேயிருந்து மேலாக எண்ணெய் ஏற்றிக் காற்றை வெளியேற்றினார்கள். மொத்தம் இரண்டு மணி நேர வேலை. ரூம்காரன் அன்றைக்குச் சாயங்காலமே பறந்துவிட்டான்.

#15 ஸ்பேனர்_சேரன்மகாதேவி

தம்பி, எழுதியதற்கு நன்றி. அடித்தால் கெட்டியாகிறது என்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே காற்றோ கசிவோ இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். உன் ரூம்காரன் குறுக்குக் காற்றில் இறங்கி, இடது பிரேக் தேவைப்படும் நேரத்தில் அது பஞ்சாகப் போயிருந்தால் ஓடுபாதைக்கு வெளியே வலது பக்கம் புல்லில் நின்றிருப்பான்.

எழுதும்போது எப்படி எழுத வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘பிரேக் சரியில்லை’ என்று எழுதினால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. ‘இறங்கின பிறகு, ஏறத்தாழ இந்த வேகத்தில், இடது பெடல் மென்மையாக இருந்தது, மூன்று தடவை அடித்ததும் கெட்டியானது’ என்று எழுது. அரை மணி நேரம் தேடுகிற வேலை மிச்சம்.

#16 டிப்போ அண்ணாச்சி

எங்கள் புகார் நோட்டில் ஒரு டிரைவர் மாதம் தவறாமல் ‘பிரேக் பார்க்கவும்’ என்று எழுதுவார். நாங்களும் மாதம் தவறாமல் ‘பார்க்கப்பட்டது’ என்று எழுதுவோம். ஒருநாள் இன்னொரு டிரைவர் ‘வண்ணாரப்பேட்டை இறக்கத்தில் இரண்டாவது மிதியில்தான் பிடிக்கிறது, பின்பக்கம் இடது சக்கரத்தில் கிரீச் சத்தம்’ என்று எழுதிவைத்தார். அன்றைக்குத்தான் உருப்படியாகக் கழற்றிப் பார்த்தோம். பிரேக் இடைவெளியைச் சரிசெய்கிற ஸ்லாக் அட்ஜஸ்டரில் பல் தேய்ந்து போயிருந்தது.

தம்பி, அந்த மெக்கானிக் கிட்ட டிக்கெட்டை வாங்கி வைத்திருக்கிறாயா?

#17 கத்துக்குட்டி_பைலட்

இருக்கிறது அண்ணாச்சி. லாக் புத்தக உறைக்குள் வைத்திருக்கிறேன். பொட்டு இப்போது மங்கிப் போச்சு.

#18 பாளையங்கால்வாய்

நேற்றுதான் ஊர் திரும்பினேன், அதே ரக விமானம். இந்த இழையைப் படித்துவிட்டதால் கண் பூராவும் சக்கரத்தின் மேல்தான். இறங்கி நின்றதும் ஒரு பக்கம் காத்தாடி நின்றுவிட்டது, ஆனால் அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுபடியும் கோளாறோ என்று வயிற்றில் புளி கரைத்தது.

#19 ஸ்பேனர்_சேரன்மகாதேவி

பயப்படாதீர்கள், வலது பக்கமாக இருந்திருக்கும். அந்த விமானத்தில் காத்தாடிக்கும் தனியாக ஒரு பிரேக் உண்டு. தரையில் நிற்கும்போது கரண்டுக்கும் ஏசிக்கும் வலது எஞ்சினை ஓடவிட்டு, காத்தாடியை மட்டும் அந்தப் பிரேக்கால் பிடித்து நிறுத்திவைப்பார்கள். இதற்கு ஓட்டல் மோட் என்று பெயர். இட்லி, காப்பி எல்லாம் கிடைக்காது.

#20 முக்கூடல்காரன்

விளக்கமெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆறவிட்டதும் சரி, எழுதினதும் சரி. ஆனால் இறங்கினவுடனே மைக்கைப் பிடித்து, “பிரேக் சூடாக இருக்கிறது, ஆறட்டும், ஒன்றரை மணி ஆகும்” என்று சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? சொல்லியிருந்தால் பாளையங்கால்வாய் இந்த இழையே போட்டிருக்க மாட்டார். ‘தொழில்நுட்பக் காரணம்’ என்று ஒரு வார்த்தை, அதற்குள் எதையும் அடைக்கலாம்.

அப்புறம், இந்த மாதிரிக் குறைந்த தூர விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரக (டி.ஜி.சி.ஏ.) விதி இருக்கிறது. கொடுத்தார்களா?

#21 ஸ்பேனர்_சேரன்மகாதேவி

முதல் பாராவில் உங்களோடு சண்டை போட எனக்கு ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்களுக்குக் கை பேசுகிற அளவுக்கு வாய் பேசாது.

#22 பாளையங்கால்வாய்

சாப்பாடா? மணி பார்த்து வைத்திருந்தேன். சொன்ன நேரத்துக்கும் கிளம்பின நேரத்துக்கும் ஒரு மணி ஐம்பது நிமிடம். பத்து நிமிடத்தில் தப்பித்துவிட்டார்கள். அல்வாவைப் பிரித்துப் பக்கத்து சீட்டுக்காரரோடு தின்றேன். மீதி ஒன்றரை கிலோதான் தாம்பரம் போய்ச் சேர்ந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கோபத்தில், “உங்கள் ஊழியர்கள் வேலை பார்க்காமல் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்” என்று கம்பெனிக்கு மெயில் போட்டிருந்தேன். நேற்று ராத்திரி இரண்டாவது மெயில் போட்டேன். அந்தப் பச்சைச் சட்டைக்காரர் சரியான இடத்தில்தான் நின்றார் என்று எழுதி, முதல் மெயிலைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னேன். இரண்டுக்கும் பதில் வந்துவிட்டது. ‘உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று, கால்புள்ளி உட்பட ஒரே பதில்.